மோடம் எப்போது உறங்கலாம்?

அம்பகரத்தூர் என்றவுடன் வெளியூர் மக்களுக்குப் பத்ரகாளியம்மன் கோயில் நினைவுக்கு வரும். அவ்வூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்கு வரும் எங்களுக்கோ வயலும் வாய்க்காலும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த எங்கள் ஊர் காவிரியின் கடைமடைப் பகுதியில் உள்ளது. காவிரி நீரில் ஆண்டுக்கு 7 டி.எம்.சி. புதுச்சேரியின் பங்கு என்று 2007-ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் கூறியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் தீர்ப்பில் எழுதப்பட்ட நீர் வாய்க்காலில் வந்து சேரும் வரையில் குறுவை நாற்றைக் காப்பாற்றுவது ஆழ்குழாய்க் கிணறும் அதன் மோட்டாரும்தான்.

எங்களுள் ஒருத்தியின் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு மோட்டார் உண்டு. அது வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் மோட்டார் தானே ஓடாது. ஸ்டார்ட்டரில் உள்ள ஒரு சுருள், மின்னழுத்தம் போனவுடன் பிடியை விட்டுவிடும். ஆள் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடியும் ஓடும். இது மோட்டாரின் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாட்டினாலேயே நம் உழவர்கள் நள்ளிரவில் வரப்பில் நடந்தார்கள்.

அந்த நடையைக் குறைக்க வந்ததுதான் கைப்பேசி ஸ்டார்ட்டர். வயலில் உள்ள பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். வீட்டிலிருந்து அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்னும் பொறியாளர் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ இவ்வகைக் கருவிகளுள் பெயர் பெற்றது. 2009-இல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டி ஒன்றில் அது பரிசும் பெற்றது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய பெட்டிகளைச் செய்கின்றன. பெரியப்பாவிடம் இருந்ததும் அவற்றுள் ஒன்று.

சென்ற வைகாசியில் ஒரு நாள் மாலை கோடைமழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. கம்பங்கள் சாய்ந்தன. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரமும் முதல் இரவிலேயே ஓய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. பெரியப்பா பெட்டியின் எண்ணை அழைத்தார். எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்தது. பத்து முறை அழைத்தும் அதே பதில்தான். காற்றோடு வந்த மழை பேருக்குத்தான் பெய்திருந்தது, நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் வரப்பின் மேல் ஒரு விரியன் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது முதலில் அவர் கண்ணில் பட்டது நல்ல காலம்.

மறுநாள் நாங்கள் போனபோது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“பெட்டி செத்துப்போச்சும்மா. கரண்ட் வந்தும் உசுரு வரல.”

“பாட்டரி எத்தனை நாள் தாங்கும்னு சொன்னாங்க, பெரியப்பா?”

“நாலு நாள் தாங்கும்னாங்க. ரெண்டு நாள்லயே படுத்துடுச்சு. படுத்தது எந்திரிக்கவே இல்ல.”

அவர் சொன்ன அந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை. நான்கு நாள் ஏன் இரண்டு நாளாயிற்று? மின்சாரம் வந்த பிறகும் பெட்டி ஏன் எழவில்லை? அதன் உள்ளே இருக்கும் நிரல் பூட்டப்பட்டிருந்தபடியால் அதை நாங்கள் பார்க்க இயலவில்லை. ஆகவே எங்கள் அறிவியல் மன்றத்தின் சிறு கணினிப் பலகையோடு, அப்பெட்டியில் உள்ள வகையைச் சேர்ந்த இரண்டாம் தலைமுறை மோடம் ஒன்றை வாங்கி இணைத்து, மேசை மேலேயே ஒரு பெட்டியைச் செய்து பார்த்தோம்.

மோடம் என்பது யாது? கணினியின் செய்தியை வானொலி அலையின் மேல் ஏற்றி அனுப்பவும், வந்த அலையிலிருந்து செய்தியை இறக்கவும் வல்ல கருவியே மோடம். அதனோடு பேசும் மொழி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1981-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸ் என்பவரின் நிறுவனம் தொலைபேசிக் கம்பிக்கான மோடம் ஒன்றை வெளியிட்டது. அதற்கு இடும் கட்டளைகள் எல்லாம் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கின. ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. கம்பி போய்க் கோபுரம் வந்த பின்பும் அந்த மொழி போகவில்லை. இன்றைய செல் மோடத்துக்கும் ‘ஏ.டி.’ என்றுதான் சொல்கிறோம், அதுவும் ‘ஓ.கே.’ என்று பதில் தருகிறது. முதன்முறை அந்தப் பதில் திரையில் தோன்றியபோது நாங்கள் கைதட்டியதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனி, தோழியரே, உறக்கத்துக்கு வருவோம். உறங்கும் மோடத்துக்கு அழைப்பு எப்படிக் கேட்கிறது என்பதே முதல் வியப்பு. வானொலிப் பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க முடியாது அல்லவா? இதைத் தபால்காரரை வைத்து விளக்கலாம். தபால்காரர் எப்போது வருவார் என்று தெரியாத வீட்டில் ஒருவர் நாள் முழுதும் வாசலில் நிற்க வேண்டும். தினமும் நான்கு மணிக்குத்தான் வருவார் என்று தெரிந்தால் நான்கு மணிக்கு எட்டிப் பார்த்தால் போதும். மற்ற நேரம் உறங்கலாம். கோபுரமும் மோடமும் செய்துகொள்ளும் உடன்பாடு இத்தகையதே. ஒவ்வொரு சிம்முக்கும் உள்ளே ஒரு நீண்ட எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு கணக்கிட்டு, ‘உனக்கு அழைப்பு இருந்தால் இந்தத் துளி நேரத்தில்தான் கூப்பிடுவேன்’ என்று முறை வகுத்திருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறை வலையில் இம்முறை ஏறத்தாழ அரை நொடி முதல் இரண்டு நொடி வரையில் ஒரு தடவை வரும். நான்காம் தலைமுறையில் பொதுவாக 0.32 நொடி முதல் 2.56 நொடி வரை. அந்தக் கணத்தில் மட்டும் மோடம் காதைத் திறக்கிறது. பெயர் இல்லையென்றால் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறது. நம் கைப்பேசி எல்லாம் இரவு முழுவதும் இப்படித்தான் கோழித் தூக்கம் போடுகிறது.

இந்த உறக்கத்துக்கு நிரல் எழுதுபவர் அனுமதி தர வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் மோடத்தில் ‘சி.எஸ்.சி.எல்.கே.’ என்ற கட்டளையால் அனுமதி தராத வரையில், அது கோபுரத்தோடு பேச்சு எதுவும் இல்லாதபோதும் சுமார் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. அனுமதி தந்தபின் சுமார் 1 மில்லி ஆம்பியர்தான். ஒரே ஒரு வரி எழுதியதற்கு இருபதில் ஒரு பங்காயிற்று!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியப்பாவின் பெட்டியில் இருந்த மின்கலத்தின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி. 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 100 மணி, அதாவது நான்கு நாள் சொச்சம். விற்றவர்கள் சொன்ன ‘நாலு நாள்’ எங்கிருந்து வந்தது என்பது இங்கே புலனாகிறது. பெட்டியின் மோடம் உறங்கவே அனுமதி பெறவில்லை. சும்மா விழித்துக் கொண்டிருந்தது. அனுமதி பெற்றிருந்தால் 2000 மணி, அதாவது 83 நாள் வரை மோடம் தாங்கியிருக்கும்.

ஆனால் நான்கு நாள்கூடத் தாங்கவில்லையே? காரணம் கோபுரம் ஓய்ந்ததுதான். கோபுரத்தின் குரல் கேட்கும்வரையில்தான் மோடம் சும்மா இருக்கும். குரல் நின்றவுடன் அது தேடத் தொடங்குகிறது. ஒவ்வோர் அலைவரிசையாகத் திருப்பி, காதை மூடாமல் கேட்கிறது. கிடைக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. போதாக்குறைக்கு அந்தப் பெட்டியின் நிரல், ‘வலை இல்லை, மோடம் கெட்டுவிட்டது போலும்’ என்று எண்ணி மோடத்தை அணைத்து அணைத்து ஏற்றியதாகவும் தெரிகிறது. பெட்டியின் சிறு விளக்கு இரவெல்லாம் மின்னி மின்னி எரிந்ததைப் பக்கத்து வயல்காரர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் முழுத் தேடல்! எதிரில் யாருமே இல்லாத இருட்டில் இரண்டு நாள் கூவிக் கூவி மின்கலத்தைக் காலி செய்துவிட்டது.

இரண்டாவது புதிருக்கு வருவோம். மின்சாரம் வந்தபிறகும் ஏன் எழவில்லை? இதற்கு விடை நம் எல்லோருக்கும் பழக்கமான ஓர் ஓசையில் இருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பழைய கைப்பேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே ‘தட்-தட்-தட், டர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வருவதைக் கேட்டிருப்பீர்கள். ஆண்டு விழா ஒத்திகையில் மைக் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாம் தலைமுறை வலையில் எட்டுப் பேர் ஒரே அலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 4.6 மில்லி நொடி கொண்ட ஒரு சுற்றை எட்டாக வெட்டி, ஆளுக்கு 0.577 மில்லி நொடி. தன் முறை வந்ததும் மோடம் சட்டென்று முழு வலுவோடு கத்தும். பிறகு வாயை மூடும். நொடிக்கு 217 தடவை இப்படிக் கத்துவதால்தான் அந்த ‘டர்ர்ர்’. கோபுரம் தொலைவில் இருந்தால் கத்தும் வலு 2 வாட் வரை போகும். அந்தக் கணத்தில் மோடம் மின்கலத்திலிருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். சராசரி சிறியதுதான், உச்சம் பெரியது. கிணற்றில் நீர் இருந்தாலும் ஒரே இழுப்பில் பத்துக் குடம் கேட்டால் இறைப்பவர் தடுமாறுவார் அல்லவா?

வற்றிப்போன மின்கலத்தின் நிலை இதுதான். மின்சாரம் வந்தவுடன் மின்னேற்றி சொட்டுச் சொட்டாக அதை நிரப்பத் தொடங்கியது. மின்னழுத்தம் சற்று ஏறியவுடனே நிரல் அவசரப்பட்டு மோடத்தை எழுப்பியது. மோடம் கோபுரத்தைக் கண்டு ‘வந்துவிட்டேன்’ என்று கத்தியது. அந்த 2 ஆம்பியர் இழுப்பில் மின்னழுத்தம் சரிந்தது. இவ்வகை மோடத்துக்கு 3.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, போயிற்று, எல்லாம் அணைந்தது. மறுபடி சொட்டு, மறுபடி எழுதல், மறுபடி விழுதல். வீட்டிலிருந்து அழைத்த பெரியப்பாவுக்கு, ‘எல்லைக்கு வெளியே’ என்ற குரல் மட்டுமே கேட்டது. மேசை மேல் பாதி தீர்ந்த மின்கலத்தை வைத்து இதே கூத்தை நாங்கள் நடத்திக் காட்டினோம். வோல்ட்மீட்டரின் முள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டியதைக் கண்டு சிரிப்பும் வந்தது; விரியனை நினைத்தபோது சிரிப்பு நின்றது.

இதற்கு மருந்து எளியது. மோடத்திடமே ‘சி.பி.சி.’ என்ற கட்டளையால் மின்கலத்தின் அழுத்தத்தைக் கேட்கலாம். ஆனால் அதைக் கேட்பதற்கே மோடத்தை எழுப்ப வேண்டுமே! ஆகவே கணினிப் பலகையே தனியாக அளக்கும்படி செய்தோம். அழுத்தம் 3.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோடத்தை அணைத்துவிட வேண்டும், 3.8-ஐத் தாண்டினால்தான் மறுபடி எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், விளிம்பில் நின்றுகொண்டு ஏறவும் இறங்கவுமாகவே இருக்கும். நடுவே உள்ள அந்த 0.2 வோல்ட் இடைவெளிதான் மருந்து. மோடத்தின் காலருகே ஒரு பெரிய மின்தேக்கியையும் வைத்தோம். அது கத்தும் கணத்தில் கைகொடுக்கும். நான்காம் தலைமுறை மோடங்கள் இப்படி முழு வலுவில் கத்துவதில்லை. அவற்றின் அனுப்பும் வலு சுமார் 0.2 வாட்தான். ஆயினும் அவசரப்பட்டு எழுப்பக் கூடாது என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும்.

அணைப்பதிலும் முறை இருக்கிறது. மின்சாரத்தைச் சட்டென்று துண்டிப்பது ஒரு வழி. ‘சி.பி.ஓ.டபிள்யூ.டி.’ என்று கட்டளையிட்டு முறைப்படி விடைபெறச் சொல்வது மற்றொரு வழி. முறைப்படி விடைபெறும் மோடம், ‘நான் போகிறேன்’ என்று கோபுரத்துக்குச் சொல்லிவிட்டுப் போகும். சொல்லாமல் போனால் கோபுரம் அது இன்னும் இருப்பதாகவே எண்ணி, அழைப்பு வரும்போதெல்லாம் வீணாகக் கூப்பிட்டுப் பார்க்கும். தவிர, மோடம் தன் நினைவகத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் துண்டித்தால் அதுவே கெட்டுப்போகவும் கூடும்.

முழுதும் அணைக்காமல் நடுவே நிறுத்தவும் முடியும். ‘சி.எஃப்.யு.என்.’ என்ற கட்டளையோடு 1 என்று எழுதினால் முழு இயக்கம். 4 என்று எழுதினால் வானொலிப் பகுதி மட்டும் மூடப்படும், நம்மோடு பேசுவது தொடரும். விமானத்தில் கைப்பேசிக்குச் செய்வது இதுவே. 0 என்று எழுதினால் சிம் உட்பட யாவும் ஓய்ந்து, மிகக் குறைந்த இயக்கம் மட்டுமே மிஞ்சும். லினக்ஸ் கணினிகளில் ‘மோடம் மேனேஜர்’ என்ற மென்பொருள் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதுவும் மோடத்துக்கு இயக்கம், குறைவு, அணைப்பு என்று மூன்று மின்நிலைகளைத்தான் வகுத்திருக்கிறது. இவற்றுள் ‘அணைப்பு’ என்பதைக் கையாளும்போது மிகவும் எச்சரிக்கை வேண்டும். முற்றும் அணைந்த மோடத்தின் காதில் எந்தக் கட்டளையும் விழாது. எங்கள் மோடத்தை மீண்டும் எழுப்ப, அதன் ஒரு காலை ஒரு நொடிக்கு மேல் தாழ்வாகப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் காலுக்கு நம் பலகையிலிருந்து கம்பி போகவில்லையென்றால், வயலுக்கு நடந்துபோய்த்தான் எழுப்ப வேண்டும். எந்த நடையைத் தவிர்க்கப் பெட்டி வாங்கினோமோ அதே நடை! ஆகவே நிரலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்: எழுப்ப வழியில்லாததை அணைக்காதே.

ஒரு சிறு தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உறக்க அனுமதி தந்த முதல் நாள் எங்கள் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ‘ஏ.டி.’ என்று கேட்டு, பதில் வராததால் மோடம் இறந்துவிட்டதென்று முடிவு செய்து அதை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தது. மோடம் இறக்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. உறங்குபவரை முதலில் தொட்டு எழுப்பிப் பிறகல்லவா பேச வேண்டும்? அதற்கென உள்ள ஒரு கம்பியைத் தாழ்த்தி, சிறிது பொறுத்து, பிறகு ‘ஏ.டி.’ என்றதும் ஒழுங்காகப் பதில் வந்தது. பெரியப்பாவின் பெட்டியும் இதே பிழையைச் செய்திருக்கலாமோ என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. பதில் வராததையும் உயிர் இல்லாததையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் நிரல் எழுதுவோரிடையே பரவலாக இருக்கிறது.

இவ்வளவும் பழைய வலையைப் பற்றியது. புதிய வலைகளில் இன்னும் ஆழ்ந்த உறக்கம் ஒன்று உண்டு. பொருள்களுக்கென்றே வகுத்த குறுகிய அலைத்தட முறை ஒன்று 2016-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அவ்வகை மோடம் கோபுரத்திடம் முன்கூட்டியே இரண்டு நேரங்களைக் கேட்டுக்கொள்ளும். ‘நான் இத்தனை மணிக்கு ஒரு தடவை வந்து தலை காட்டுகிறேன், தலை காட்டியபின் இத்தனை நொடி காத்திருக்கிறேன், மற்ற நேரம் என்னைத் தேடாதே’ என்பதே அவ்வுடன்பாடு. உறங்கும்போது அது இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். இருந்தும் கோபுரம் அதன் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதில்லை. திரும்பி வரும்போது புதிதாகச் சேர வேண்டியதும் இல்லை.

அந்த நேரங்களைக் குறிக்கும் முறை நம் இரும எண் பாடத்துக்கு நல்ல பயிற்சி. எட்டு இலக்கங்கள்: முதல் மூன்று அலகைச் சொல்லும், பின் ஐந்து எத்தனை என்று சொல்லும். தலை காட்டும் இடைவெளிக்கு 001 என்றால் அலகு ஒரு மணி. 24 என்பது இருமத்தில் 11000. ஆகவே 00111000 என்று எழுதினால் 24 மணிக்கு ஒரு தடவை. அலகை 110 என்று மாற்றினால் ஒவ்வொன்றும் 320 மணியாகிவிடும். ஐந்து இலக்கத்தின் உச்சமான 31-ஆல் பெருக்கினால் 9920 மணி, அதாவது 413 நாள்! ஒரு இலக்கம் இடம் மாறினால் கருவி ஒரு வருடத்துக்கு மேல் உறங்கப் போய்விடும். இன்னொன்று: நாம் கேட்பது ஒன்று, கோபுரம் தருவது வேறொன்றாக இருக்கலாம். கேட்டதோடு நில்லாமல் கிடைத்தது என்னவென்று நிரல் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. இதை நாங்கள் போட்டு முடித்தபோது எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 0.12 மில்லி ஆம்பியர் மணி. அந்தக் கணக்கில் பெரியப்பாவின் மின்கலம் 45 ஆண்டு வரும்! அதற்குள் மின்கலமே தானாக வற்றிவிடும் என்பது வேறு. ஆனால் கருவி சும்மா உறங்குவதற்காக அல்லவே. விழித்துச் செய்தி சொல்ல வேண்டும். ஒரு தடவை விழித்துச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம், சராசரி 60 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். ஒரு விழிப்புக்கு 1 மில்லி ஆம்பியர் மணி. நாளைக்கு ஒரு தடவை என்றால் மொத்தம் 1.12; மின்கலம் ஏறக்குறைய ஐந்து ஆண்டு தாங்கும். மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 24.12, 83 நாள்தான் தாங்கும். அதே 83 நாள் மேலே எங்கே வந்தது என்று பாருங்கள். கோழித் தூக்கம் போடும் மோடம், இரண்டு நொடிக்கு ஒரு தடவை காதைத் திறந்தபடியே, நாளைக்கு 24 மில்லி ஆம்பியர் மணிதான் செலவிடுகிறது! அப்படியானால் மணிக்கு ஒரு தடவை முழுதும் எழுந்து முழுதும் உறங்குகிற கருவி, எந்நேரமும் அழைத்தால் கேட்கிற கருவியைவிடச் சிறிதும் சிக்கனமானதன்று. ஆழ்ந்து உறங்குவதால் மட்டும் சேமிப்பு வந்துவிடாது. எத்தனை தடவை எழுகிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே எந்த உறக்கம் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கருவி சொல்கிறதா, கேட்கிறதா என்று கேட்க வேண்டும். பெரியப்பாவின் பெட்டி கேட்கும் கருவி. இரவு பதினொன்றுக்கு அவர் அழைத்தால் அப்போதே கேட்க வேண்டும். அதற்கு ஆழ்ந்த உறக்கம் ஆகாது. கோழித் தூக்கமே பொருத்தம். இரண்டுக்கும் நடுவே, காதைத் திறக்கும் இடைவெளியை நீட்டிக்கொள்ளும் ஒரு முறையும் புதிய வலைகளில் உண்டு. குறுகிய அலைத்தட முறையில் அதை ஏறக்குறைய மூன்று மணி வரை நீட்டலாம். பெரியப்பாவிடம் அதைச் சொன்னோம். “மூணு மணி கழிச்சுக் கேக்குறதுக்கு நானே நடந்து போயிட்டு வந்துருவேனே!” என்றார்.

பள்ளி மாடியில் வைக்க நாங்கள் திட்டமிட்டுள்ள மழைமானியோ சொல்லும் கருவி. அதை யாரும் அழைக்கப் போவதில்லை. நாளைக்கு ஒரு தடவை மழையளவைச் சொன்னால் போதும். ஆழ்ந்த உறக்கம் அதற்கே உரியது. ஆனால் இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 2008 நவம்பர் 27-ஆம் நாள் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகில் கரையைக் கடந்தது. அப்படியொரு நாளில் காலை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டு மறுநாள் எட்டு வரை உறங்கும் மழைமானி யாருக்கு உதவும்? நல்ல வேளையாக, ஆழ்ந்த உறக்கத்தில் உள்ள மோடத்தைக் கோபுரம்தான் எழுப்ப முடியாதே தவிர, நம் பலகை எந்நேரமும் எழுப்பலாம். கவிழும் கிண்ணம் கொண்ட மழைமானியில் அரை மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தடவை கிண்ணம் கவிழ்ந்து ஒரு காந்தச் சாவியை மூடும். ஒரு மணிக்குள் நாற்பது தடவை கவிழ்ந்தால், அதாவது 20 மில்லிமீட்டர் பெய்தால், கடிகாரத்தைப் பாராமல் எழுந்து சொல்லும்படி எழுதியிருக்கிறோம்.

புயல் என்றதும் கஜாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரமும் கோபுரங்களும் திரும்பப் பல ஊர்களில் நெடுநாள் ஆயின. அத்தகைய நாட்களில் கோபுரம் இல்லாத வானத்தைத் தேடியே மின்கலத்தைத் தீர்க்கும் நிரல் பயனற்றது. நாங்கள் செய்த மாற்றம் இதுவே: கோபுரம் கிடைக்கவில்லையென்றால் வானொலிப் பகுதியை மூடிவிட்டு 1 நிமிடம் பொறு; பிறகு ஒரு தேடல். இல்லையென்றால் 2 நிமிடம், பிறகு 4, 8, 16 என்று பொறுமையை இரட்டிப்பாக்கு. அதனோடு சீட்டுக் குலுக்கியதுபோல் சில நொடிகளைச் சேர்த்துக்கொள். ஏனெனில், கோபுரம் உயிர் பெற்ற அந்த நிமிடமே ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் யாருக்குமே கதவு திறக்காது.

பொறுமைக்கு உச்சவரம்பு எவ்வளவு? இதை நாங்களாக முடிவு செய்யலாகாது என்று தோன்றியது. பெரியப்பாவிடமே கேட்டோம்.

“டவர் வந்தபிறகு பெட்டி உங்க போனை எடுக்க அரை மணி ஆகலாம். பொறுப்பீங்களா, பெரியப்பா?”

“அரை மணி என்னம்மா, ஒரு மணிகூடப் பொறுப்பேன். ராத்திரியில நடக்க வச்சாத்தான் பொறுக்கமாட்டேன்.”

ஆகவே உச்சம் 30 நிமிடம். அதோடு ஒரு விலக்கும் சேர்த்தோம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டதைப் பலகை அறிந்த நொடியில், எண்ணிக்கை எதுவானாலும் 1 நிமிடத்துக்குத் திரும்பிவிடும், மின்கலம் 3.8 வோல்ட்டைத் தொட்டதும் மோடத்தை எழுப்பும். வலை கிடைத்தவுடன், ‘மின்சாரம் வந்தது, மோட்டார் நிற்கிறது’ என்று பெரியப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அவர் படுக்கையிலிருந்தே அழைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டரோடு இணைக்கும் வேலையை நாங்கள் தொடவில்லை. 400 வோல்ட்டோடு விளையாடக் கூடாதென்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஊரில் உள்ள மின்பணியாளர்தான் செய்து கொடுத்தார். சிம் வாங்கும்போது மட்டும் ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது: இந்த மோடம் இரண்டாம் தலைமுறை; 2016-இல் தொடங்கிய ஜியோ வலையிலோ இரண்டாம் தலைமுறையே கிடையாது. ஆகையால் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டோம்.

புயலுக்காகக் காத்திராமல் சோதிப்பது எப்படி? மோடத்தை அலுமினியத் தூக்குச் சட்டிக்குள் வைத்து மூடினால் கோபுரத்தின் குரல் கேட்காது என்று படித்திருந்தோம். மூடினோம், அழைத்தோம், சட்டிக்குள்ளிருந்து மணி அடித்தது! மூடியின் இடுக்கு வழியே அலை புகுந்துவிட்டது. இடுக்கைச் சுற்றி அலுமினியத் தாளை ஒட்டிய பின்தான் ‘எல்லைக்கு வெளியே’ என்றது. ஐந்து மணி நேரம் அப்படியே விட்டோம். உள்ளே நடந்தவற்றைப் பலகை குறித்து வைத்திருந்தது. முதல் அரை மணியில் ஐந்து தேடல். அதன்பின் அரை மணிக்கு ஒன்றுதான். பிறகு தாளைக் கிழித்துச் சட்டியைத் திறந்து, மின்சாரம் வந்ததற்கு அறிகுறியான கம்பியைத் தொட்டோம். இரண்டு நிமிடம் ஆவதற்குள் திண்ணையில் இருந்த பெரியப்பாவின் கைப்பேசி ஒலித்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியை ஒருமுறை வாசித்தார். பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் பெட்டியின் எண்ணை அழைத்துப் பார்த்தார்.